மாங்கொட்டைச் சாட்சி

ஆனி மாதத்து ஆருத்ரா மழை பிடித்துவிட்டால் தார்வாடில் வெயில் என்று ஒன்று உண்டு என்பதே மறந்துபோகும். கொட்டித் தீர்த்துவிட்டுப் போகிற மழை இல்லை அது. மாவு சலிக்கிற மாதிரி பகல் முழுக்கத் தூறிக்கொண்டே இருக்கும். எருமைக்காரர்கள் குடியிருக்கிற கவளிக்கேரியில் அந்த மாதம் எதுவும் காயாது. சுவரில் தட்டிய வரட்டி ஊறி, பாதி கழன்று தொங்கும். அடுப்பில் ஈரச் சுள்ளி புகையும். கட்டின புடவை உடம்பிலேயே காய வேண்டும். எருமைகளுக்கு மட்டும் அது நல்ல காலம். குளத்துக்கு ஓட்டிப்போகிற வேலை இல்லை, நின்ற இடத்தில் முதுகு நனையும்.

அப்படி ஒரு மழைநாளில்தான் சந்திரி தீனியை விட்டது.

கொண்டிபா வீட்டில் ஏழு எருமை. சந்திரி மூன்றாம் ஈற்று. பின்பக்கமாக வளைந்து இறங்கி நுனியில் மேலே ஏறுகிற கொம்பு, வேளைக்கு ஒரு குடம் பால். கொண்டிபாவின் பெண்டாட்டி தானுபாய்தான் அதைக் கறப்பாள். வேறு கை பட்டால் பாலை அடக்கிக்கொள்ளும். அன்று காலையில் அவள் மடியில் கைவைத்தபோது சந்திரி ஒரு தினுசாகக் கத்திற்று. கன்றைத் தேடுகிற கத்தல் இல்லை, பசிக் கத்தலும் இல்லை. தொண்டை கட்டிய மனுஷன் யாரையோ கூப்பிடுகிற மாதிரி இருந்தது. பாலும் பாதிதான் இறங்கிற்று. தானுபாய் ஊறவைத்த பருத்திக்கொட்டையை வாயருகே கொண்டுபோனாள். எருமை மோந்தது, வாயில் எடுத்தது, விழுங்கத் தெரியாமல் கீழே விட்டுவிட்டது.

இருந்த பாலைக் கேனில் ஊற்றிக்கொண்டு அவள் வாடிக்கை வீடுகளுக்குப் போனாள். திரும்பி வந்தபோது கொண்டிபா வாசலில் உட்கார்ந்து, முழங்கைவரை வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். புறங்கையில் தோல் உரிந்து இரண்டு மூன்று இடத்தில் ரத்தம் கசிந்தது.

"தொண்டையில ஏதோ சிக்கியிருக்குன்னு கையை விட்டுப் பார்த்தேன்" என்றான். "கடவாப் பல்லு கிழிச்சிருச்சு."

"என்ன இருந்துச்சு?"

"ஒண்ணும் தட்டுப்படல."

அந்த நேரத்தில் அது ஒரு பெரிய விஷயமாக அவளுக்குத் தோன்றவில்லை. மாம்பழக் காலம் முடிகிற நேரம். படிக்கிற பிள்ளைகளுக்கு அறை வாடகைக்கு விடுகிற வீடுகளின் பின்னால் குப்பை மேட்டில் மாங்கொட்டை குவிந்து கிடக்கும். எருமைகள் போகிற வழியில் அதைப் பொறுக்கித் தின்னும். தொண்டையில் அடைத்துக்கொள்வதும் வருஷத்தில் ஒன்றிரண்டு நடக்கிறதுதான். கேரியில் ஆம்பளை என்று பிறந்த எல்லாரும் எருமை வாயில் கைவிட்டவர்கள்தான்.

இருபத்திரண்டு வீடு அந்தக் கேரி. பேஷ்வாவின் படைக்குப் பால் கொடுக்க எருமைகளோடு வந்தவர்கள், படை திரும்பிப் போனபிறகும் புல்லைப் பார்த்துத் தங்கிவிட்டார்கள் என்று தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்வார்கள். பிறகு ஊரில் பள்ளிக்கூடங்கள் வந்தன, கல்லூரிகள் வந்தன, குன்றின்மேல் பல்கலைக்கழகம் வந்தது. வந்த பேராசிரியர்கள் வீட்டுக் காப்பிக்கெல்லாம் கேரியின் பால் போயிற்று. பேடா கிண்டுகிற கடைகளுக்குப் போயிற்று. வீட்டுக்குள் மராட்டி, ரோட்டில் கன்னடம். பெண்ணைக் கொடுப்பதும் எடுப்பதும் தங்களுக்குள்தான். மனுஷனும் எருமையும் ஒரே கூரைக்குள். நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு மண்சுவர், அவ்வளவுதான். பால் வாங்குகிறவர்கள் ஒருத்தரும் கேரிக்குள் வந்ததில்லை. வர வேண்டிய தேவையும் இருக்கவில்லை. கேரிக்காரன் பாலில் தண்ணீர் இருந்தாலும் இருக்கும், கேடு இருக்காது என்று ஊரில் ஒரு பேச்சு. அந்தப் பேச்சில்தான் இருபத்திரண்டு அடுப்பும் எரிந்தது.

மறுநாள் சந்திரி நிற்காமல் கத்திற்று. வாயிலிருந்து எச்சில் கயிறு கயிறாக இறங்கிற்று. பக்கத்து முளையில் கட்டியிருந்த கிடேரியை முட்டி விலாவைக் கிழித்தது. கொண்டிபா போய் அரசாங்கக் கால்நடை டாக்டரைக் கூட்டிவந்தான். ஹொன்னள்ளி டாக்டர் என்று அவருக்குப் பெயர். நல்ல மனுஷர். வாசலில் நின்று பார்த்தவர் உள்ளே கால்வைக்கவில்லை.

"சமீபத்துல நாய் ஏதாவது கடிச்சுதா?"

இல்லை என்றான் கொண்டிபா. தானுபாய்க்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. சித்திரைக் கடைசியில் சந்திரியின் மூக்கோரம் ஒரு காயம் இருந்தது. முள்வேலி கிழித்திருக்கும் என்று மஞ்சள் அப்பிவிட்டாள். அதைச் சொன்னாள். டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். பிறகு, இது வெறிநோய், மருந்து கிடையாது, இரண்டு மூன்று நாளில் போய்விடும் என்றார். செத்தபின் தலையைக் கொடுத்தால் பரிசோதனைக்கு அனுப்பி உறுதியாகச் சொல்லலாம் என்றார். மற்ற ஆறு எருமைக்கும் தடுப்பூசி போடவேண்டும். கறந்தவர்கள், எச்சில் பட்டவர்கள் எல்லாரும் நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். காய்ச்சின பாலுக்குப் பயமில்லை, பச்சையாகக் குடித்தவர் யாராவது இருந்தால் அவர்களும் ஊசி போட்டுக்கொள்வது நல்லது.

பையை மூடும்போது கேட்டார்: "வாயில யாரும் கை விடலையே?"

தானுபாய் புருஷனைப் பார்த்தாள். அவன் கையை வேட்டி மடிப்புக்குள் வைத்திருந்தான்.

"இல்ல, சாகேப்" என்றான்.

அவள் வாயைத் திறந்திருக்கலாம். கேரியின் பெரியவர் சித்தோபா அதற்குள் அங்கே வந்து நின்றுவிட்டிருந்தார். கொண்டிபாவுக்குத் தாய்மாமன். அவர் எதிரில் புருஷன் சொன்னதை மறுத்துப் பேசிப் பழக்கமில்லை அவளுக்கு. டாக்டர் போனதும் புருஷனிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

சந்திரி மூன்றாம் நாள் மத்தியானம் செத்தது. தலையை வெட்டிக் கொடுக்கக் கேரியில் ஒருத்தரும் சம்மதிக்கவில்லை. தீபாவளிக்கு மறுநாள் கொம்புக்கு வர்ணம் பூசி, சலங்கை கட்டி, ஊர்வலம் விட்ட தலை. குளத்துக்குப் பின்னால் ஆளுயரத்துக்குக் குழி வெட்டி, இரண்டு மூட்டை உப்பைக் கொட்டி, முழு எருமையாகப் புதைத்தார்கள். அதோடு நோய் என்னவென்று காகிதத்தில் சொல்லக்கூடிய ஒரே சாட்சியும் மண்ணுக்குள் போயிற்று.

அன்று சாயங்காலமே குலசாமி கண்டோபா கோயில் கொட்டகையில் ஆம்பளைகள் கூடினார்கள். பெண்கள் தூண் ஓரம் நின்றார்கள். சித்தோபா நயமாகத்தான் பேசினார். மூன்று வருஷத்துக்கு முன்னால் வேறொரு ஊரில் இதேமாதிரி ஒரு பேச்சுக் கிளம்பி, அந்த ஊர்க் கவளிகள் எருமையை எல்லாம் கசாப்புக்காரனுக்கு விற்றுவிட்டுக் கட்டட வேலைக்குப் போனதைச் சொன்னார். ஹொன்னள்ளி டாக்டர் சந்தேகம் என்றுதான் எழுதியிருக்கிறார், நிச்சயம் என்று எழுதவில்லை என்றார்.

"கொண்டிபா, நீ கையை விட்டுப் பார்த்தவன். உள்ள என்ன இருந்துச்சு? சொல்லு."

மழை கொட்டகைத் தகரத்தில் பொரிந்துகொண்டிருந்தது.

"மாங்கொட்டை இருந்துச்சு, மாமா. விரல்ல பட்டுச்சு. எடுக்க வரல."

"மஞ்சளைத் தொட்டுச் சொல்லு."

கண்டோபாவின் மஞ்சளைத் தொட்டு அவன் திரும்பவும் சொன்னான். சித்தோபா அந்த மஞ்சளை அவன் நெற்றியில் அப்பினார். கூட்டம் கலைந்தது. மற்ற ஆறு எருமைக்கும் ஊசி போட்டது தொண்டை அடைப்பான் நோய்க்காக என்று ஊருக்குச் சொல்வதாக முடிவாயிற்று.

வீட்டுக்கு வந்ததும் தானுபாய் கேட்டாள். "ஒண்ணும் தட்டுப்படலன்னுதானே சொன்னீங்க?"

"அப்ப சரியா தெரியல. யோசிச்சுப் பார்த்தா ஏதோ பட்ட மாதிரிதான் இருக்கு."

"ஹூப்ளிக்குப் போய் ஊசி போட்டுக்குங்க. அங்க நம்மள யாருக்குத் தெரியும்?"

போகிறேன் என்றான். மறுநாள் பஸ் ஏறிப் போகவும் செய்தான். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர் பெயர் என்ன, ஊர் எந்தத் தெரு, கடித்த மிருகம் யாருடையது, உயிரோடு இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டாராம். எல்லாம் மாவட்ட ஆபீசுக்குப் போகும் என்றாராம். கொண்டிபா மூத்திரம் போய்விட்டு வருகிறேன் என்று எழுந்து, நேரே பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டான். இதை அவனே வந்து சொன்னான், தப்பித்து வந்தவன் மாதிரி சிரித்துக்கொண்டு.

தானுபாய்க்கு இன்னொரு முள்ளும் குத்திக்கொண்டிருந்தது. அவள் பால் ஊற்றுகிற வீடுகளில் பெட்டகேரி வீடு ஒன்று. பெட்டகேரி என்று ஒரு ஓய்வுபெற்ற பேராசிரியரின் வீடு. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். சித்தி முறையாகப் பெட்டகேரி காக்கு என்று எல்லாரும் கூப்பிடும் அவருடைய மனைவியும், பெங்களூரில் வேலையிலிருக்கிற மகனின் ஏழு வயசுப் பெண் குழந்தையும் அங்கே இருந்தார்கள். அந்தப் பிள்ளைக்கு இளைப்பு. எருமைப் பாலைச் சூடு ஆறுமுன் பச்சையாகக் குடித்தால் நெஞ்சு பலப்படும் என்று யாரோ வைத்தியர் சொல்லியிருந்தார். அதனால் சந்திரியின் முதல் பாலை ஒரு சின்னச் சொம்பில் தனியே பிடித்து, துணி சுற்றி, முதல் வீடாக அங்கேதான் தானுபாய் போவாள். பிள்ளை வாசற்படியில் தம்ளரோடு நிற்கும். சந்திரி தீனியை விட்ட அன்றும் நின்றது. குடித்துவிட்டுப் பால் மீசையைத் துடைக்காமலே உள்ளே ஓடிற்று.

நாலு நாள் அவள் அந்த வீட்டுக்குப் போய்ப் பாலை ஊற்றிவிட்டு வந்தாள். ஐந்தாம் நாள் ஊற்றிவிட்டு அங்கேயே நின்றாள். காக்கு என்ன என்று கேட்டாள்.

"அந்தச் செத்த எருமைக்கு வெறிநோயா இருக்கலாம்னு டாக்டர் சொன்னாரு, காக்கு. பாப்பா பச்சைப் பால் குடிச்சுது. ஊசி போட்டுருங்க."

காக்குவின் கையிலிருந்த பால் பாத்திரம் சாய்ந்து படியெல்லாம் பால் வழிந்தது. திட்டுவாள் என்று தானுபாய் நினைத்தாள். காக்கு திட்டவில்லை. நாலு நாள் ஏன் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டாள். தானுபாய் குனிந்து படியில் வழிந்த பாலைத் துடைத்தாள்.

ஆஸ்பத்திரிக்கு மூன்று பேரும் ஒரே ஆட்டோவில் போனார்கள். பிள்ளைக்கும் போட்டார்கள், கறந்தவள் என்பதால் தானுபாய்க்கும் போட்டார்கள். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று பயந்து போனவளுக்கு, தோளில் ஒரு எறும்புக்கடி மாதிரி இருந்தது. மொத்தம் ஐந்து தடவை வரவேண்டும், காசு கிடையாது என்றார்கள். இவ்வளவுதானா, இதற்கா இத்தனை பாடு என்று அவளுக்கு அங்கேயே அழுகை வந்தது.

இரண்டே நாளில் ஊர் பூராவும் பரவிவிட்டது. கேனோடு போன கேரிக்காரர்கள் கேனோடு திரும்பி வந்தார்கள். கேட்டைத் திறக்காமலே சைகை காட்டி அனுப்பினார்கள் சில வீட்டில். பேடா கடைக்காரர் பாக்கெட் பாலுக்குச் சொல்லிவிட்டதாகச் சொன்னார். எருமைக்கு அதெல்லாம் தெரியாது. அது இரண்டு வேளையும் மடி நிறைத்து நிற்கும், கறக்காவிட்டால் வீங்கிக் கத்தும். கறந்ததைக் கன்றுக்கு விட்டதுபோக மீதியைக் காய்ச்சினார்கள், உறை ஊற்றினார்கள், வெண்ணெய் எடுத்தார்கள், அதையும் வாங்க ஆளில்லாமல் கடைசியில் வாய்க்காலில் விட்டார்கள். கேரியின் சாக்கடை ஒரு வாரம் வெள்ளையாக ஓடிற்று. மழையில் புளித்த நாற்றம் குன்றுவரை போயிற்று.

குழாயடியில் தானுபாய் குடத்தை வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தை எடுத்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுச் சகு மட்டும் வாயை அடக்காமல் சொன்னாள்: "ஊருக்கெல்லாம் ஊசி போட்ட டாக்டரம்மா வந்திருக்கா, வழி விடுங்கடி. நம்ம பிள்ளைங்க வயித்துக்கும் ஒரு ஊசி இருந்தா போட்டுட்டுப் போகட்டும்."

தானுபாய் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். சகுவின் வீட்டில் நாலு நாளாகச் சோள ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளப் பச்சைமிளகாய்த் துவையல் தவிர ஒன்றுமில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

சித்தோபாதான் வழி கண்டுபிடித்தார். அவரும் கொண்டிபாவும் வாடிக்கை வீடு வீடாகப் போனார்கள். கேட்டருகே நின்று கொண்டிபா தன் கையைக் காட்டுவான். புறங்கையில் காயம் ஆறிப் பொருக்கு விழுந்து வெளிறிய தழும்பாகியிருந்தது.

"எருமை வாயில கைவிட்டவன் நான்தாங்க. மாங்கொட்டை விரல்ல பட்டுச்சு. இதோ பாருங்க, பல்லு கிழிச்ச இடம். அந்த நோயா இருந்தா நான் ஊசி போடாம இருப்பேனா? எனக்கு உசிரு வேணாமா? பொம்பளை பயந்துட்டா. அவ்வளவுதான்."

சித்தோபா பக்கத்தில் நின்று, இவன் மஞ்சளைத் தொட்டுச் சொன்னவன் என்பார்.

கேட்பவர்களுக்கு அது நியாயமாகப் பட்டது. படித்தவர்கள்தான் எல்லாரும். ஆனாலும் எதிரே ஒரு ஆள் கையைக் காட்டிக்கொண்டு உயிரோடு நிற்கும்போது வேறென்ன வேண்டும்? அதோடு பாக்கெட் பாலில் காப்பி அவர்களுக்கு இறங்கவுமில்லை. ஒவ்வொரு வீடாக ஆடி பிறப்பதற்குள் கேட் திறந்தது. பேடா கடைக்காரர் பதினைந்து நாள் பார்த்தார், கொண்டிபா தெருவில் நடமாடுவதைப் பார்த்தார், பிறகு ஆளனுப்பினார். கேரியில் கொண்டிபாவுக்கு மரியாதை கூடிற்று. கொட்டகையில் அவனுக்கு முன்வரிசையில் இடம் விட்டார்கள்.

பெட்டகேரி காக்கு மட்டும் திரும்பவில்லை. அவள் பிள்ளைக்கு ஐந்து ஊசியையும் தேதி தவறாமல் போட்டாள். ஐந்து தடவையும் ஆஸ்பத்திரி வரிசையில் தானுபாயைப் பார்த்தாள், பக்கத்தில் உட்கார்ந்தாள், அதிகம் பேசவில்லை.

ஒவ்வொரு ஊசி போட்டுவிட்டு வந்த அன்றும் தானுபாய் புருஷனிடம் மன்றாடினாள். முதலில் சண்டைபோட்டாள். ஒரு நாள் சமைக்கவில்லை. ஒரு நாள் ஹளியாளில் கட்டிக்கொடுத்த மகளைப் போனில் பேசவைத்தாள். ஐந்து மாசக் கர்ப்பிணி அவள், போனிலேயே அழுதாள். அவளிடம் கொண்டிபா நாளைக்குப் போகிறேன் என்று சத்தியம் செய்தான். போகவில்லை.

"நான் ஒரு ஊசி போட்டேன்னு தெரிஞ்சா போதும். இருபத்திரண்டு வீட்டுப் பாலும் திரும்பச் சாக்கடைக்குத்தான். கொஞ்சம் ஆறட்டும். தீபாவளி போகட்டும்."

"எருமைக்கெல்லாம் போட்டாச்சு, எருமைக்காரனுக்கு மட்டும் இல்லையா? அதுவரைக்கும் அது காத்துக்கிட்டிருக்குமா?"

"எது? மாங்கொட்டை இருந்துச்சுடி. எனக்குத் தெரியும்."

அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. வீடுவீடாகச் சொல்லிச் சொல்லி, மாங்கொட்டை அவன் விரலுக்கே ஞாபகமாகிவிட்டிருந்தது. வழுவழுப்பாக, நார் வைத்து, இந்தப் பக்கம் சாய்ந்து இருந்தது என்று அடையாளம் எல்லாம் சொன்னான். ஒரு சில நாள், அவன் சொல்கிற தினுசில் தானுபாய்க்கே இருந்திருக்குமோ என்று வந்துவிடும். அந்த நாட்களில் அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

விநாயக சதுர்த்தி முடிந்து பிள்ளையாரைக் குளத்தில் விட்ட மறுவாரம், கொண்டிபா வலது கை அரிக்கிறது என்றான். தழும்பிலிருந்து தோள்வரை எறும்பு ஊர்கிறதாம். சொறிந்து சொறிந்து ரத்தம் வந்தது. இரண்டு நாள் காய்ச்சல் அடித்தது. மழை விட்டு வெயில் வந்ததால் கேரியில் பாதிப் பேருக்குக் காய்ச்சல்தான். மூன்றாம் நாள் காலையில் தானுபாய் டீ கொண்டுபோய்க் கொடுத்தாள். அவன் தம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோனான். தொண்டை ஒரு வெட்டு வெட்டிற்று. டீ அவன் மடியிலும் தரையிலும் கொட்டிற்று. ஏதோ புரையேறிவிட்டது என்று அவன் சொல்லப் பார்த்தான். இன்னொரு தரம் தம்ளரைப் பார்த்தபோது, தூக்காமலே அதே வெட்டு.

தானுபாய் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அதைப் பார்த்திருந்தாள். இதே கூரைக்குள், முழங்கால் உயரச் சுவருக்கு அந்தப் பக்கம்.

ஹூப்ளிப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு தனி அறையில் போட்டார்கள். விசிறியை நிறுத்திவிட்டார்கள், காற்றுப் பட்டாலே அவனுக்கு உடம்பு தூக்கிப்போட்டது. சன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டினார்கள். சின்ன வயசு டாக்டர் ஒருத்தர் அவளை வராந்தாவில் உட்காரவைத்து எல்லாவற்றையும் கேட்டார். அவள் ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் எழுதிக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டார். அந்த வாரமே வந்திருந்தால் போதுமே அம்மா என்று சொல்ல வந்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, வேதனை தெரியாமல் இருக்க மருந்து போடுகிறோம் என்று மட்டும் சொன்னார்.

நடுவில் மருந்து தெளிகிற நேரங்களில் கொண்டிபாவுக்கு நல்ல நினைவு இருந்தது. அதுதான் கொடுமை. மகளுக்குப் பிரசவத்துக்கு யார் போவது என்று கேட்டான். கிடேரியின் விலாக் காயம் ஆறிற்றா என்று கேட்டான். தாகம் தாகம் என்றான். ஈரத்துணியை உதட்டில் வைத்தால் அலறினான்.

இரண்டாம் நாள் மத்தியானம் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அப்படி யார் எதிரிலும் கூப்பிட்டதில்லை.

"தானு. மாங்கொட்டை இருந்துச்சுல்ல?"

அவள் கையுறை போட்ட கையால் அவன் கையைப் பிடித்திருந்தாள்.

"என் விரல்ல பட்டுச்சே. இல்ல, நானா சொல்லிக்கிட்டேனா?"

"இருந்துச்சுங்க" என்றாள் தானுபாய். "குழி வெட்டும்போது நான் பார்த்தேன். வாய் ஓரத்துல கிடந்துச்சு."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். முகம் கொஞ்சம் இளகிற்று. மறுநாள் காலையில் போய்விட்டான்.

பிளாஸ்டிக் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். திறக்கக் கூடாது, குளிப்பாட்டக் கூடாது என்றார்கள். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து, அப்பாவின் முகத்தைப் பார்க்காமலே திரும்பினாள். வீட்டில் அவன் எச்சில் பட்டவர்கள் எல்லாருக்கும் ஹூப்ளியிலேயே ஊசி போட்டார்கள். தூக்கிவிட்டவர் என்பதால் சித்தோபாவுக்கும். அவர் தோளைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைத் தானுபாய் பார்த்தாள். அவர் கண் அவள் பக்கம் திரும்பவில்லை.

மூன்றாம் நாள் பால் தெளிக்கும் சடங்கு முடிந்து ஆட்கள் கலைந்தபின் சித்தோபா தனியாக வந்தார். தரையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். அவர் தரையில் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை.

"என் தங்கச்சி பிள்ளையை நானே கொன்னுட்டேன், தானு. நான் எங்க போய்ச் சொல்றது இதை?"

அவள் துக்க விளக்கின் திரியைத் தூண்டிவிட்டாள்.

"என்னை நீ செருப்பால அடி, வாங்கிக்கிறேன். ஒண்ணே ஒண்ணு. ஊர்ல கேட்டா மூளைக் காய்ச்சல்னு சொல்லு. உண்மை தெரிஞ்சா திரும்பவும் பால் நின்னுரும். அவன் செத்ததும் வீணாப் போயிரும்."

கோபம் வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். வரவில்லை. அன்றைக்கு ஒரு குழந்தையின் உயிர் இருந்தது, அதற்காகப் பேசினாள். இப்போது உண்மையைச் சொல்லி யாரைப் பிழைக்கவைப்பது? வாசலுக்கு வெளியே சகு தன் கேனைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வீட்டுக் கூரையில் புகை எழுந்தது. தானுபாய் தலையை அசைத்தாள். சித்தோபா எழுந்து போகும்போது தூணைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார்.

பத்தாம் நாள் பெட்டகேரி காக்கு துக்கம் கேட்க வந்தாள். பால் வாங்குகிற வீட்டிலிருந்து ஒருத்தர் கேரிக்குள் வந்தது அதுவே முதல் தடவை. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சாணியைத் தாண்டித் தாண்டி வந்தாள். எருமைகள் இருந்த பக்கத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, போட்ட பாயில் உட்கார்ந்தாள். தானுபாயின் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"என்ன ஆச்சு தானு? நல்லாத்தானே இருந்தான். எங்க தெருவுல போன மாசம்கூடப் பார்த்தேனே."

"மூளைக் காய்ச்சல், காக்கு."

"நெசமாவா?"

"ஹூப்ளியில அப்படித்தான் சொன்னாங்க."

காக்கு ஒரு பெருமூச்சு விட்டாள். அந்த மூச்சில் துக்கம் பாதிதான் இருந்தது. மீதி என்னவென்று தானுபாய்க்குப் புரிந்தது. கொஞ்சநேரம் மகளைப் பற்றி, பிரசவத்தைப் பற்றிக் கேட்டாள். பிறகு தணிந்த குரலில் சொன்னாள்.

"அப்ப அந்த எருமை விஷயம் மாங்கொட்டைதான்னு ஆயிருச்சு. இல்லேன்னா அவனுக்கு அதுவே வந்திருக்கணுமே. பாவம், பிள்ளைக்கு அஞ்சு ஊசி வீணா குத்திட்டோம். உன்மேல தப்பில்ல தானு, நீ நல்ல மனசுலதான் சொன்னே. நானும் உன்னை ரொம்பத்தான் ஒதுக்கிட்டேன்."

"இல்ல, காக்கு."

"பாக்கெட் பாலைத் தொடமாட்டேங்குது அது. இளைப்பும் திரும்ப வந்திருக்கு. நாளையிலேர்ந்து பழையபடி கொண்டு வா. அந்தச் சின்னச் சொம்புல தனியா, சூடு ஆறாம. உனக்கும் நாலு காசு ஆச்சு."

தானுபாய் கையை மெல்ல உருவிக்கொண்டாள்.

"கொண்டு வர்றேன். காய்ச்சிக் கொடுங்க, காக்கு. பச்சையா வேணாம்."

"ஏன்? அதான் ஒண்ணுமில்லைன்னு ஆயிருச்சே?"

காக்கு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தானுபாய் வாயைத் திறந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் எருமைகள் மடி கனத்துக் கத்த ஆரம்பித்தன.

"கறக்கிற நேரம், காக்கு" என்று சொல்லி எழுந்தாள்.